பலராமனின் பித்தப்பை

கடுகு வெடிக்க எண்ணெயே தேவையில்லை அய்யா. வெறும் சட்டியைக் காயவைத்துப் போட்டாலும் வெடிக்கும். வாசனை கொஞ்சம் குறையும், சத்தம் குறையாது. பாதி ருசி அந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. நிறைய பேருக்கு இது தெரிவதில்லை.

என் பெயர் அம்சவல்லி. ஊர் வல்லம். என் வீட்டுக்காரர் பலராமன், ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறார். ஸ்டேஷனுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். உயிரோடுதான் இருக்கிறார். அதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆடி மாதம் அவருடைய கூட்டாளி பாண்டுரங்கன் வீட்டில் கிடா விருந்து. போய்விட்டு வந்தவர், சாயங்காலம் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உருண்டார். காஞ்சிபுரத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் என்றார். எண்ணெய், நெய், ஆட்டுக்கறி, தேங்காய் எதுவும் ஆகாது. கொழுப்பு உள்ளே போனால் பை சுருங்கும், கல் போய் அடைக்கும், முற்றினால் உயிருக்கே ஆபத்து என்று பொறுமையாக விளக்கினார். பட்டினியும் கூடாதாம், நேரத்துக்குச் சாப்பிட வேண்டுமாம். ஊசி போட்ட மயக்கத்தில் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டது நான் மட்டும்தான்.

அன்றிலிருந்து வீட்டில் எண்ணெய்ச் சட்டியைக் கவிழ்த்து வைத்தேன். ஆவியில் வெந்த பீர்க்கங்காய், வெண்ணெய் எடுத்த மோர், கீரை, பப்பாளி, புழுங்கலரிசிக் கஞ்சி. தட்டைப் பார்த்து அவர் கண் கலங்கினார்.

“இன்னா அம்சா இது, ஆஸ்பத்திரி சோறு கணக்கா கீது?”

“ஆஸ்பத்திரிக்குப் போவாம இருக்கத்தான்” என்றேன்.

கொஞ்ச நாள் ஒழுங்காக இருந்தார். பிறகு வீட்டுக்கு வர நேரமாக ஆரம்பித்தது. கேட்டால் ஓ.டி. பார்த்தேன் என்பார். ஓ.டி. பார்த்த மனிதரின் மீசையில் வெங்காயம் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டையில் சால்னா வாசனை. நான் சண்டை போடவில்லை. நேராகத் தண்டலம் போய், பரோட்டாக் கடை தாண்டவராயனிடம் என் வீட்டுக்காரருக்கு எதுவும் கொடுக்க வேண்டாம் என்று தன்மையாகச் சொன்னேன்.

“துன்ன வர்ற ஆள எப்டிம்மா தொரத்துறது? உசுரோட கீற வரைக்கும் மனுசன் துன்னத்தான் செய்வான்” என்றார் அவர்.

நியாயமான பேச்சு. பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரமே மறுபடியும் வலி. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வீட்டில் படுத்தார். இந்த முறை பயந்துதான் போனார். அந்த நேரம் பார்த்து அவருடைய தங்கை சரோஜா, மகள் கவிப்பிரியாவின் கல்யாணப் பத்திரிகையோடு செம்பரம்பாக்கத்திலிருந்து வந்தாள். “அண்ணே, தாய்மாமன் நீ இல்லாம தாலி ஏறாது” என்றாள். அவள் போனதும் என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அன்னிக்கு ஒரு நாளு மட்டும் வுட்டுடு அம்சா. நானும் கல்லுமா போய் துன்னுட்டு வந்துர்றோம்.”

கல்யாணச் சாப்பாடு என்றால் பருப்பில் நெய், பிறகு வடை, பிறகு அப்பளம். மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் கறிவிருந்தும் வைக்கிறார்கள். என்னால் தடுக்க முடியாது. அழைப்பு வருகிறவரை அவர் போவார். செத்தவரை யாரும் பந்திக்கு அழைப்பதில்லை.

அச்சாபீஸ்காரர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“எப்பம்மா தவறுனாரு?”

“எப்ப அச்சடிச்சுத் தருவீங்க?”

“வெள்ளிக்கெழம ஆவும்.”

“அப்ப வியாழக்கெழமன்னு போட்டுக்கோங்க.”

படத்துக்கு எங்கள் கல்யாண போட்டோவைக் கொடுத்தேன். என் பக்கத்தை மட்டும் வெட்டிவிடச் சொன்னேன். போஸ்டரில் மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே அவர் பெயர், ஊர். தண்டலம் பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை, கல்யாண மண்டபத்துக்குப் போகிற வழி, இங்கெல்லாம் ஒட்டச் சொன்னேன். கோயில் சுவரில் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் அந்தப் பக்கம் போவதில்லை.

சனிக்கிழமை காலை கம்பெனி வேன் வந்தது. பின்னாலேயே மேளம். உள்ளே மோரில் இட்லியை ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எச்சில் கையோடு வாசலுக்குப் போனார். முன்னால் ஆள் உயர மாலையோடு பாண்டுரங்கன், கண்களை மூடி அழுதுகொண்டு நின்றார்.

“டேய், யாருடா பூட்டாங்க?” என்று இவர் கேட்டார்.

“நீதான்டா மச்சான்” என்று சொல்லிக்கொண்டே பாண்டுரங்கன் கண்ணைத் திறந்தார். மாலையோடு அப்படியே சாக்கடையில் விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விலகிவிட்டது. மாலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குள் சரோஜா கார் வைத்துக்கொண்டு வந்துவிட்டாள். தலைவிரி கோலமாக ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொண்டு, “என்ன வுட்டுட்டு பூட்டியே அண்ணே” என்று அவர் தோளிலேயே வெகு நேரம் அழுதாள். “எங்கயும் போவலம்மா” என்று அவர் முதுகைத் தட்டிக் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

ஆனால் அதற்கு முன்பே அவள் மண்டபத்துக்கு ஆள் அனுப்பி, மறுநாள் நடக்க இருந்த கல்யாணத்தை நிறுத்தச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சகுனம் சரியில்லை என்று ஒரேயடியாக விலகிக்கொண்டார்கள். அதனால்தான் இந்தப் புகார். அவள் கோபம் எனக்குப் புரிகிறது. கல்யாணம் நிற்கும் என்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும் அய்யா. கல்யாணத்தைத் தள்ளிப்போடலாம், பித்தப்பையைத் தள்ளிப்போட முடியாது. கவிப்பிரியா என் முகத்தைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். அவளுக்கு நல்ல இடம் வரும். எண்ணெய் குறைத்துச் சாப்பிடுகிற குடும்பமாகப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இதற்கு ஆபரேஷன் இல்லையா, டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையா என்கிறீர்கள். சொன்னார். முதல் நாளே சொன்னார். பையோடு எடுத்துவிட்டால் வலி போய்விடும், கொஞ்ச நாளில் எல்லாரையும் போலச் சாப்பிடலாம், ஐப்பசிக்குள் வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார். என் வீட்டுக்காரரிடம் நான் அதைச் சொல்லவில்லை.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பந்தியில் சாப்பிட்டிருக்கிறார், கடையில் சாப்பிட்டிருக்கிறார், கூட்டாளி வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். நான் வடித்த சோற்றுக்கு மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றி நானே குடித்திருக்கிறேன். இப்போது மூன்று வேளையும் என் எதிரில் உட்காருகிறார். ஒவ்வொரு கவளத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, பயத்தோடு என் முகத்தைப் பார்த்து, “இத துன்னலாமா அம்சா?” என்று கேட்கிறார். நான் தலையாட்டிய பிறகுதான் வாயில் வைக்கிறார்.

கல்லை எடுத்துவிட்டால் யாரிடம் கேட்பார்? கேட்காமல் சாப்பிட்டால் உடம்பு கெட்டுப்போகும். அவருடைய உடம்பை நினைத்துத்தான் மறைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.