அறுபத்தி நாலாவது எபி

அம்மா, ஓசூர்ல மூணு நாளா மழ. ஹாஸ்டல் மொட்டமாடில துணி காயவே மாட்டேங்குது. ஷிப்ட் முடிஞ்சு விரலெல்லாம் வலிக்குது, அதனால போன்ல பேசறேன், அதுவே எழுதிக்குது. எங்கயாவது தப்பா விழுந்திருந்தா நீயே சரியா படிச்சுக்க. அப்பாவுக்கும் படிச்சுக் காட்டு.

அக்கா கதை எழுதுறது இவ்ளோ நாளா எனக்கு மட்டும்தான் தெரியும். சுபஸ்ரீன்னு போடாம, நிலாப்பிறைங்கற பேர்ல ஒரு ஆப்ல எழுதினா. ஒரு ரத்தக்காட்டேரி, பாக்க அவ்ளோ அழகு, கொள்ளிடக் கரையில பாழடஞ்ச பங்களாவுல இருக்கான். ஸ்ரீரங்கத்துல டியூஷன் எடுக்குற ஒரு பொண்ணு கழுத்துகிட்ட வருவான், கடிக்க மாட்டான். அதுலயே எட்டு எபி ஓடும். எபின்னா அத்தியாயம். கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும், அப்பாவுக்குப் படிக்கிறப்ப இந்த எடத்த விட்டுரு.

இங்க ரூம்ல ஆறு பேர். பெலிண்டா சத்தமா படிப்பா, நாங்க போர்வைய இழுத்து மூடிக்கிட்டு கேப்போம். நாள் முழுக்க நின்னுக்கிட்டே ஸ்க்ரூ போடறேம்மா. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்.

கலையரசன் மாமாவோட நிச்சயம் ஆனதுலேந்து அக்கா கதையக் கெடுத்துட்டா. காட்டேரி திருந்திட்டானாம். ரத்தத்த விட்டுட்டு பீட்ரூட் ஜூஸ் குடிக்கிறானாம். பொண்ணோட அப்பாவப் பாத்து சம்மதம் கேக்கறானாம். கமெண்ட்ல பொரிஞ்சு தள்ளிட்டாங்க. 'சிஸ், இவன் காட்டேரியா, டயட்ல இருக்க பேங்க் மேனேஜரா'ன்னு ஒருத்தி. 'பல்லப் புடுங்கிட்டீங்களே சிஸ்'னு இன்னொருத்தி. ஒருவழியா அறுபத்தி மூணாவது எபில அவனுக்குப் பழைய பசி வந்து, அவ கழுத்தச் சாய்ச்சு, அவன் குனியிற எடத்துல, 'எனக்குக் கல்யாணம், கதை இதோட நிக்குது, மன்னிச்சுக்குங்க'ன்னு போட்டுட்டா.

நானும் வேற பேர்ல பதினேழு கமெண்ட் போட்டேன். பதில் இல்ல. போன் பண்ணிக் கேட்டா சிரிக்கிறா. "அடி போடி, மாமியார் வீட்ல இட்லி ஊத்திக்கிட்டே கழுத்தக் கடிக்கறத எழுதச் சொல்றியா?"ன்னா.

சரி, கல்யாணந்தான் எடஞ்சல்னு நெனச்சேன். இருபத்தி ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, வேற நம்பர்லேந்து கே.கே. நகருக்கு, மாமாவுக்கே அனுப்பினேன். 'இத எழுதறது நீங்க கட்டிக்கப்போற பொண்ணு'ன்னு. அதுல பொய் ஒண்ணும் இல்லையே.

அந்த மனுஷன் அக்காவக் கூப்பிட்டு, நல்லாருக்கு, நீங்க தாராளமா எழுதலாம்னுட்டாரு. அக்கா என்கிட்ட வெக்கப்பட்டுக்கிட்டே சொன்னா. அப்ப எழுது, அறுபத்தி நாலப் போடுன்னேன். "எதுக்குடி எழுதணும்? நெசமாவே ஒரு ஆள் கெடச்சாச்சுல்ல"ன்னா.

அப்பத்தாம்மா எனக்குப் புரிஞ்சது. சந்தோஷமா இருந்தா அவ எழுத மாட்டா.

ரெண்டாவது மெசேஜ மாமாவோட அம்மாவுக்கு அனுப்பினேன். கதையில வர்றதெல்லாம் நடந்தது, கொள்ளிடக் கரைக்கு அவ போனது கூட வேல பாக்குற பிரிட்டோவோட, கழுத்துல தழும்பு இருக்கும், நீங்களே பாத்துக்குங்கன்னு. சின்ன வயசுல கொடிக்கம்பி கீறின தழும்பு அது. உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாது. நம்ம காட்டூர் வீட்டுக்கே வந்து, அவ முடிய ஒதுக்கிப் பாத்துட்டுப் போனாங்கன்னு நீதான் சொன்ன. நீ கொடிக்கம்பின்னு சொல்லியும் நம்பல, கல்யாணம் வேணாம்னுட்டாங்கன்ன.

பிரிட்டோவ நான் பாத்ததுகூட இல்ல. ஒருநாள் மழையில குட குடுத்தாருன்னு அக்கா பேச்சுவாக்குல சொன்னா. எனக்கு ஒரு பேர் தேவப்பட்டுச்சு.

இப்ப எதுக்கு இதச் சொல்றேன்னா, அந்த மெசேஜெல்லாம் பிரிட்டோதான் அனுப்பினான்னு நீங்க நெனச்சுக்கிட்டிருக்கீங்க. மருதை சித்தப்பா போயி அடிச்சதுல அவருக்குக் கை ஒடஞ்சிருக்காம். நாளைக்கு அப்பா ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கப்போறாராம். போவ வேணாம்னு சொல்லு. ஸ்டேஷன்ல மொதல்ல அக்கா போனத்தான் கேப்பாங்க, வாங்கினா திருப்பித் தர மாட்டாங்க. நீ பீரோல வச்சுப் பூட்டிருக்கியே, அந்தப் போன்ல அறுபத்தி நாலாவது எபி பாதி எழுதினது இருக்கு, நீ பூட்டறதுக்கு முன்னாடி அவளே சொன்னா. வேற எங்கயும் இல்ல. அனுப்பினது எல்லாம் நாந்தான். வேணும்னா ஞாயித்துக்கெழம வர்றேன், அப்பா என்னைய அடிக்கட்டும்.

போன மட்டும் அவகிட்ட குடுத்துரு. நாலு நாளா சாப்பிடல, யார்கிட்டயும் பேசல, செவத்தையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கான்னு நேத்து நீ அழுத. அதுக்கெல்லாம் பயப்படாதம்மா. கதை யோசிக்கிறப்ப அக்கா அப்படித்தான் இருப்பா. கதவச் சாத்திட்டு வந்துரு, தொந்தரவு பண்ணாத.