அண்ணன் கூரை வழியாக வரும் சேதி

"மலை சரிஞ்சு நாங்க செத்தாலும் பரவால்ல மிஸ், அந்தச் சேதி எங்க அண்ணன் வீட்டு வழியா வரக் கூடாது."

நான் வேலை தேடிப் பதுளையிலிருந்து பசறைக்குப் போன பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் தன் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் இப்படிச் சொன்னார். அந்தப் பெண்ணின் மடியில் மண்சரிவு எச்சரிக்கைப் பெட்டி ஒன்று இருந்தது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டுக் கூரைகளில் பொருத்துவார்களாம். ஒரு பெட்டி அடுத்த பெட்டிக்குச் சேதியைக் கைமாற்றுமாம்.

"வழிய நாங்க சொல்றதில்லங்க. எந்த வழியில சேதி விடாம போய்ச் சேருதுன்னு பெட்டிகளே பார்த்து எடுத்துக்கும்."

"பள்ளத்தைத் தாண்டி நேரா வந்தா கிட்டத்தானே?"

"கிட்டத்தான். ஆனா மழையில பாதி சேதி தொலைஞ்சிருது. உங்க அண்ணன் வீடு சுத்துவழி, ஒண்ணும் தொலையல."

"அம்மா சாவுக்கே வராதவன் அவன்."

"பெட்டிக்கு அது தெரியாதுங்க. வேணாம்னா எழுதிக் குடுங்க, அந்த வீட்ட விலக்கிடலாம். உங்க லயத்துல கைப்பிள்ளைக இருக்கா?"

"மூணு இருக்கு."

அவர் எழுதித் தரவில்லை. இரண்டு வளைவு தாண்டிய பிறகு கேட்டார்.

"கரண்ட் போனா?"

"பேட்டரி இருக்கு. உங்க அண்ணன்தான் அத சார்ஜ்ல வைக்கணும். டிவி போடறதுக்கு அந்த ப்ளக்கைக் கழட்டிர்றாரு. நான் சொன்னா கேக்கல."

அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"அவன் நம்பர் இருக்கா மிஸ்? எங்கிட்ட இல்ல."