என் வூட்டுக்காரர் வந்தா

ஆம்பூர் ஸ்டேஷனில் காட்பாடி வண்டிக்குக் காத்திருந்தேன். பக்கத்தில் நின்றவன் தன் அண்ணனிடம் சொன்னான்:

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குண்ணா அலையற? அண்ணி எப்பவோ போய்ட்டாங்க. இது வெறும் உடம்பு. கலவை ஊர்ல அவங்க பொறந்த வூட்ல விட்டுட்டு வேற ஒருத்திய கட்டிக்கோ."

அந்த அண்ணி பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "இன்னாடா சொன்ன? நேத்து வேலை முடிஞ்சு வூட்டுக்குப் போறேன், அவளுக்கு என்னை அடையாளம் தெரியல. 'என் வூட்டுக்காரர் வந்தா உன் காலை ஒடச்சிடுவாரு'ன்னு தொடப்பத்தால அடிச்சா. நான் ஊர்ல இல்லாதப்போ படியேறி வந்த மேஸ்திரியையும் அன்னிக்கு இப்படித்தான்டா அடிச்சுத் தொரத்தினா. அவதான்டா இவ! வாய மூடு."

வண்டி வந்தது. அவளை ஏற்றிவிட அண்ணன் கையை நீட்டினான்.

"தொடாதே!" என்று சீறினாள்.

"சரிம்மா, தொடல. நீ முன்னால ஏறு."