கண்ணை மூடினால் ஒன்றும் தெரியவில்லை

எனக்குக் கோவையாக எழுத வராது, மறதியும் உண்டு; பொறுத்துக்கொள்ளுங்கள். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற பஸ்ஸில், கம்பெனி யூனிபார்ம் போட்ட இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் இருந்தார்கள். சின்னவள் திடீரென்று சொன்னாள்:

"சர்ச்சுப் பூசையில நன்மை அப்பத்த வாங்கி முழுங்கினா, எனக்குள்ள ஒண்ணுமே தெரியறதில்லக்கா."

"அப்பறம் எதுக்குடி அவ்ளோ நேரம் கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருக்கே?"

"எல்லாரும் மூடறாங்களேன்னு மூடறேன்."

"நாசமாப் போச்சு. நான் உன்னப் பாத்துத்தாண்டி மூடறேன்!"

பெரியவள் சிரித்தாள். சின்னவள் சிரிக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம எம் பாப்பாவுக்குப் புதுநன்மை, மொதமொதலா அப்பம் வாங்கப்போறா. சாமி உள்ள வந்தா எப்படிம்மா இருக்கும்னு தெனமும் கேக்கறா."

"சந்தோசமா இருக்கும்னு சொல்லிடு."

"சொல்லி, அவளுக்கும் ஒண்ணும் தெரியலன்னா? தன்மேலதான் தப்புன்னு நெனச்சுக்குவாளே. நான் இத்தன வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருக்கேன்."

"அருள் நாம உணர்றதுல இல்லன்னு பாதர் சொன்னாரில்ல?"

"பாதர் சொல்லுவாரு. பாப்பா என்னையில்ல கேக்கறா."

உத்தனப்பள்ளியில் இறங்க எழுந்தபோது சின்னவள் கேட்டாள்: "பாப்பாகிட்ட, எனக்கும் தெரியலடி, வா, ரெண்டு பேரும் சேந்து கண்ண மூடலாம்னு சொல்லவாக்கா?"

"சொல்லு. நானும் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

புதுநன்மை இந்த ஞாயிறா, அடுத்ததா என்று எனக்குச் சந்தேகம். அந்தப் பக்கத்துக் கோவிலில் யாராவது விசாரித்துத் திருத்துங்கள்.