ரோடாவின் முகத்தைத் தர இயலாதவர்கள் எழுதும் மடல்

வீடுதோறும் மாதந்தோறும் வண்ணமாய் வந்திறங்கிய வித்தகியே! தூரிகையையே துணையாகக் கொண்டவரே! ‘மேரிகோல்ட்’ இதழின் அட்டைகளை முப்பத்தொரு ஆண்டுகள் அழகு செய்த அன்புக்குரிய மிஸ் லவீனியா ட்ரஸ்காட் அவர்களே! நீங்கள் விடைபெறும் இந்நாளில் ஃபிலடெல்பியா அலுவலகத்தாரும் அச்சுக்கூடத்தாரும் எழுந்து நின்று வணங்குகிறோம்.

பெண் வரைந்தது என்று தெரியக் கூடாதென்பதால் ‘எல். ட்ரஸ்காட்’ என்றே கையெழுத்திட்டீர்கள். “அன்புள்ள ஐயா” என்று வாசகர் கடிதம் வந்த நாட்களில், “இருங்கப்பா, மீசைய முறுக்கிட்டு வந்து பதில் எழுதறேன்” என்பீர்கள். அந்தச் சிரிப்பை இனி யாரிடம் கேட்போம்?

உங்கள் வீட்டிலேயே மாதிரியாக நின்று, அட்டைப் பெண்கள் அனைவருக்கும் கைகளும் தோள்களும் தந்தவர் உங்கள் தங்கை ரோடா. காமெராவைக் கண்டாலே ஓடி ஒளிபவர். அவருடைய சொந்த முகத்தை நீங்கள் வரைந்தது ஒரே ஒரு முறை, 1911 டிசம்பர் இதழுக்காக. அன்றைய ஆசிரியர் பார்த்தார். “இந்த மூஞ்சிய அட்டையில போட்டா யாரும்மா காசு குடுத்து வாங்குவா?” என்றார். வேறொரு அழகியை ஒரு துண்டுத் தாளில் உங்கள் கையாலேயே வரைய வைத்து, ரோடாவின் முகத்தின் மேல் ஒட்டி அச்சுக்கு அனுப்பினார். மூல ஓவியம் நிறுவனத்துக்கே சொந்தம் என்ற வழக்கப்படி அது கிடங்குக்குப் போனது. ஏழு ஆண்டுகளில் விஷக் காய்ச்சல் ரோடாவையும் கொண்டுபோனது.

இனி அட்டைக்குப் புகைப்படமே போதும் என்று மேலிடம் முடிவெடுத்தபோது நீங்கள் சண்டையிடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டீர்கள். “அந்தப் படத்த மட்டும் குடுத்துடுங்க. வர வர அவ முகமே எனக்கு மறந்து போகுது.”

தேடினோம், கிடைத்தது. அப்படியே தந்திருக்கலாம். ஒட்டுத்தாளை நீக்கி, ரோடாவின் முகத்தோடு இந்த மேடையில் தந்து உங்களை மகிழ்விக்க ஆசைப்பட்டோம். இன்று நாங்கள் ஒட்டும் ரப்பர் பசை, இழுத்தால் சுத்தமாக உரிந்து வரும். அன்று ஒட்டியது, காய்ந்தால் தாளை விடாத எலும்புப் பசை. ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை. அச்சுக்கட்டைப் பிரிவின் டோபியாஸ் க்ரெய்ன் இழுத்தார். தாளோடு முகமும் துணுக்குத் துணுக்காய்ப் பெயர்ந்து வந்துவிட்டது. இதை வாசிப்பவரும் அவரே. வேறு எவரும் வாசிக்கக் கூடாதென்று கேட்டுக்கொண்டார்.

நேற்று உங்களிடம் சொன்னோம். முகம் இருந்த இடத்தில் கிழிந்த வெள்ளை அட்டையைத் தடவிப் பார்த்தீர்கள். பென்சில் கேட்டு வாங்கினீர்கள். வெகுநேரம் குனிந்திருந்தீர்கள். ஒரு கோடும் விழவில்லை. “அழாதே டோபி. உன் கை செஞ்சது இல்ல இது. அன்னிக்கு நானே ஒட்டச் சம்மதிச்சேனே” என்றீர்கள். பிறகு, “அவ கண்ணு என்ன நிறம்னு உங்கள்ல யாருக்காவது தெரியுமா?” என்று கேட்டீர்கள்.

எங்களில் எவரும் அவரைப் பார்த்ததில்லை.

பெருமைக்குரியவரே! இத்தனை பேர் கூடி நின்றும் உங்கள் ஒரே கேள்விக்கு விடையில்லாமல் உங்களை அனுப்பி வைக்கிறோம். நோயற்ற நெடுங்காலம் நீங்கள் வாழ வேண்டும். அதில் ஏதோ ஒரு காலையில் அந்த முகம் தானாக உங்கள் முன் வந்து நிற்க வேண்டும். வரும் என்று சொல்ல எங்களுக்குத் துணிவில்லை. வேண்ட மட்டுமே தெரிகிறது.

தலை நிமிர முடியாத,
‘மேரிகோல்ட்’ பணியாளர்கள்
ஃபிலடெல்பியா, 1931