புஜ்ஜி நக்கிய கை

சுசித்ரா: முதுகெல்லாம் என்னங்கண்ணா இது, கருப்பா பிசுபிசுன்னு...

பொன்னுசாமி: ஆயிலுங்க டாக்டரம்மா. மெஷின்ல ஓடுன பழைய ஆயில். எங்க கம்பெனியிலருந்து எடுத்தாந்து தடவுனேன்.

சுசித்ரா: நாய்க்கா?

பொன்னுசாமி: சொறிக்கு அதுதான் கேக்கும்னு கூட வேலை செய்யறவங்க சொன்னாங்க...

சுசித்ரா: நக்குனா ஈரல் கெட்டுப்போயிரும். இனிமே தடவாதீங்க, கழுவி விடச் சொல்றேன். பேரு என்ன இதுக்கு?

பொன்னுசாமி: புஜ்ஜி. பொட்டை. ஏழு வயசு.

சுசித்ரா: புஜ்ஜியா... ம். உங்க பேரு?

பொன்னுசாமி: பொன்னுசாமிங்க. சிப்காட்ல, தகடு அடிக்கற பிரஸ் ஷாப். கெலமங்கலம் ரோட்டுல வீடு.

சுசித்ரா: எப்பலேருந்து முடி கொட்டுது?

பொன்னுசாமி: மூணு மாசமா. வீடு கூட்டறப்ப பாத்தேன், கட்டிலுக்கடியில கொத்துக் கொத்தா கெடந்துச்சு. அப்புறம் பாத்தா ரெண்டு வெலாவும் வழிச்செடுத்த மாதிரி. இந்தப் பக்கம் எவ்வளவோ அந்தப் பக்கமும் அவ்வளவு. அளந்து எடுத்தாப்புல.

சுசித்ரா: சொறியுதா? செவுத்துல ஒரசுதா?

பொன்னுசாமி: இல்லீங்க. அதுதான் எனக்கு ஒரு மாதிரியா இருக்குது. அது பாட்டுக்குப் படுத்திருக்குது. முடி மட்டும் போயிட்டே இருக்குது.

சுசித்ரா: புடிச்சுக்குங்க. கொஞ்சம் தோலைச் சொரண்டி எடுக்கறேன்... ஆச்சு, ஆச்சு. சமத்து.

பொன்னுசாமி: பக்கத்து வீட்டு நஞ்சம்மா ஒண்ணு சொல்லுது...

சுசித்ரா: என்ன?

பொன்னுசாமி: விடுங்க. நீங்க படிச்சவங்க.

சுசித்ரா: சொல்லுங்க, சிரிக்க மாட்டேன்.

பொன்னுசாமி: செத்தவங்க கை பட்ட எடத்துல முடி நிக்காதாம்.

சுசித்ரா: யாரு செத்தது?

பொன்னுசாமி: என் வீட்டுக்காரி. தங்கமணி. ரெண்டு வருசமாச்சு. கேன்சரு. இந்த நாயி அவ வளத்ததுங்க. சாயங்காலம் அவ கட்டில்ல உக்காந்தா போதும், இது வந்து அவ கைய முழங்கையிலருந்து மணிக்கட்டு வரைக்கும் நக்கிட்டே இருக்கும். அவளும் விட்டுருவா. என் கையத் தொடாது. மெஷின்ல ஊத்தற கூலண்டு வாடை அடிக்குது போல.

சுசித்ரா: சரி... மைக்ராஸ்கோப்புல பாத்துட்டேன். சொறிப் பூச்சி இல்ல. இந்த நீல லைட்டு அடிச்சா படர்தாமரை பல நேரம் பச்சையா மின்னும். மின்னல.

பொன்னுசாமி: அப்ப என்ன நோயிங்க?

சுசித்ரா: அரிக்காம, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கொட்டுனா தப்பு தோல்ல இல்லீங்கண்ணா. ரத்தத்துல. தைராய்டு கொறஞ்சாலும் இப்படி ஆகும், அதுக்கு ரத்தம் எடுத்து அனுப்பறேன். ஆனா... வயித்தைக் காட்டு புஜ்ஜி. இதுக்குக் கருத்தடை ஆபரேஷன் பண்ணியாச்சா?

பொன்னுசாமி: ஒரு வயசுலயே பண்ணிட்டோம்.

சுசித்ரா: காம்பெல்லாம் வீங்கியிருக்குது பாருங்க. பின்னாடியும். குட்டி போடற பருவத்துல இருக்கற மாதிரி.

பொன்னுசாமி: நானே சொல்லணும்னு இருந்தேன். தெருவுல இருக்கற கடுவன் நாயெல்லாம் வந்து வாசல்ல படுத்துக்குதுங்க. கொலைக்கறது இல்ல, சண்டை இல்ல. நாலஞ்சு நாயி, வெறுமனே கதவையே பாத்துட்டுப் படுத்திருக்குது. ஷிஃப்டு முடிஞ்சு வந்தா அதுங்களைத் தாண்டித்தான் உள்ள போகணும். ஆபரேஷன் பண்ண நாயிக்கு எதுக்குங்க இதெல்லாம் வருது?

சுசித்ரா: அதுக்குள்ள பொம்பளை ஹார்மோன் ஏறியிருக்குது. ஆபரேஷன் பண்ண நாயிக்கு அது தானா ஏறாது. ஒண்ணு, அன்னிக்கு உள்ள ஏதாவது மிச்சம் விட்டிருக்கணும். இல்ல, வெளியிலருந்து வரணும்.

பொன்னுசாமி: வெளியிலருந்துன்னா?

சுசித்ரா: ஒரு ஜெல் இருக்குது. பொம்பளைங்க தோள்லயும் கையிலயும் தடவறது. அந்தக் கையை நாயி தெனம் நக்குனா இப்படித்தான் ஆகும். உங்க வீட்டுல பொம்பளைங்க யாரு இருக்காங்க?

பொன்னுசாமி: யாருமில்லீங்க.

சுசித்ரா: சமையலுக்கு, துணி தொவைக்க...

பொன்னுசாமி: நானேதான்.

சுசித்ரா: நீங்க வேலைக்குப் போயிட்டா புஜ்ஜியை யாரு பாத்துக்கறது?

பொன்னுசாமி: வீட்டைப் பூட்டிட்டுப் போயிருவேன். நஞ்சம்மாகிட்ட ஒரு சாவி இருக்குது, மத்தியானம் தொறந்து தண்ணி வைக்கும். அதுக்கு நாயின்னா பயம். தொடாது.

சுசித்ரா: அப்ப இது யாரு கையை நக்குது?

பொன்னுசாமி: அதைத்தான் நஞ்சம்மா சொல்லுதுங்க.

சுசித்ரா: வேற ஏதாவது வித்தியாசமா நடக்குதா வீட்டுல?

பொன்னுசாமி: நடக்குதுங்க. ஆறு மாசமா. ஃபர்ஸ்டு ஷிஃப்டு போற வாரம் மட்டும். நான் அஞ்சரைக்கு பஸ்சு புடிச்சா ரெண்டரைக்கு மேலதான் திரும்புவேன். வந்து பாத்தா குடத்துல தண்ணி ரொம்பியிருக்கும், நான் பாதிதான் வெச்சுட்டுப் போயிருப்பேன். தங்கமணி போட்டோவைத் தொடச்சிருக்கும். நான் வெச்ச பொட்டு மேல புதுசா ஒரு பொட்டு. சோறு வெச்சா இந்த நாயி மோந்து பாத்துட்டுத் திரும்பிப் படுத்துக்கும், வயிறு ரொம்பியிருக்குது.

சுசித்ரா: திருடுன்னு நெனைக்கலியா?

பொன்னுசாமி: எந்தத் திருடன் போட்டோவுக்குப் பொட்டு வைப்பான்?

சுசித்ரா: அதுவும் சரிதான்...

பொன்னுசாமி: நடு ஷிஃப்டு வாரத்துல ஒண்ணும் நடக்காது. செத்தவளுக்கு என் ஷிஃப்டு எப்படித் தெரியும்னு நஞ்சம்மாகிட்டயே கேட்டேன். உசுரோட இருந்தப்ப டிபன் கட்டுனவதானே, மறந்துருவாளான்னு சொல்லுது.

சுசித்ரா: யாரையும் நீங்க நேர்ல பாத்ததில்லையா?

பொன்னுசாமி: ஒரு நாளு... மெஷின் பழுதாகி பத்து மணிக்கே அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்தேன். வெளிப்பூட்டு இல்ல, கதவு உள்பக்கம் சாத்தியிருக்குது. காதை வெச்சேன். டக், டக், டக்குன்னு சத்தம். கொஞ்ச நேரத்துக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் தெரிஞ்சுது, புஜ்ஜி வாலு. வாலு ஆட்டி ஆட்டிக் கட்டில் கால்ல அடிச்சுட்டு இருக்கா. தங்கமணி போனதுக்கப்புறம் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லீங்க. எனக்கு இவ வாலாட்டறதே இல்ல.

சுசித்ரா: பேச்சுச் சத்தம்?

பொன்னுசாமி: இல்ல. யாரோ மெதுவா மூக்கை உறிஞ்சுனாப்புல... அவ்வளவுதான்.

சுசித்ரா: கதவைத் தட்டுனீங்களா?

பொன்னுசாமி: கை தூக்குனேன். தட்டல.

சுசித்ரா: ஏன்?

பொன்னுசாமி: பயம்.

சுசித்ரா: பகல் பத்து மணிக்கு, சொந்த வீட்டுல...

பொன்னுசாமி: ஆமாங்க. பயம்தான். திரும்பி டீக்கடைக்குப் போயி உக்காந்துட்டேன். ரெண்டரைக்கு மேல போனேன், வெளியில பூட்டுத் தொங்குது. உள்ள யாருமில்ல. கட்டில் போர்வை மடிச்சு வெச்சிருக்குது. புஜ்ஜி கதவைப் பாத்துட்டு நிக்கறா, நான் உள்ள வந்தது கூடத் தெரியாத மாதிரி.

சுசித்ரா: உங்களுக்குப் புள்ளைங்க இருக்காங்களா?

பொன்னுசாமி: ஒரு பொண்ணு.

சுசித்ரா: எங்க இருக்காங்க?

பொன்னுசாமி: அத்திப்பள்ளியில. நாலு வருசமாச்சு. கம்பெனியில அவ கூட வேலை செஞ்ச பையன், தானிஷ்னு... எங்களைக் கேக்காம கட்டிக்கிட்டா. நான் பேசறதில்ல.

சுசித்ரா: அம்மா சாவுக்கு வரலியா?

பொன்னுசாமி: வந்தா. வாசல்லயே நிக்க வெச்சு அனுப்பிட்டேன். மூஞ்சியைக் கூடப் பாக்க விடல.

சுசித்ரா: புஜ்ஜி காலைப் புடிச்சுக்குங்க. ரத்தம் எடுத்துக்கறேன்.

பொன்னுசாமி: அந்த ஜெல்லு... அது எந்த வியாதிக்கு டாக்டரம்மா?

சுசித்ரா: பல காரணம் இருக்கும். மொதல்ல புஜ்ஜியைப் பாப்போம். அந்தக் கையை நக்கறது நின்னாலே போதும். மூணு நாலு மாசத்துல முடி வந்துரும், வீக்கம் வடிஞ்சிரும், வாசல் நாயெல்லாம் தானா போயிரும். ரத்தத்துல அணுக்கள் கொறஞ்சிருக்குதான்னு மட்டும் பாக்கணும். அது கொறஞ்சாதான் ஆபத்து.

பொன்னுசாமி: பாருங்க. ஆனா மனுசங்களுக்கு எந்த வியாதிக்குத் தருவாங்க, அதைச் சொல்லுங்க.

சுசித்ரா: ரெண்டாவது தடவை கேக்கறீங்க.

பொன்னுசாமி: சும்மா... தெரிஞ்சுக்கலாம்னு.

சுசித்ரா: அண்ணா, ஒண்ணு சொல்றேன். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். ஆனா இதைச் சொல்லாம இந்த நாயைக் காப்பாத்த முடியாது. போன வியாழக்கிழமை ஒரு பொண்ணு வந்தாங்க. நாயி இல்லாம, போன்ல நாயோட போட்டோவை மட்டும் வெச்சுக்கிட்டு. முடி கொட்டுதுன்னு அழுதாங்க. பேரு கேட்டேன், புஜ்ஜின்னாங்க.

பொன்னுசாமி: ம்.

சுசித்ரா: உங்க கையில என்ன தடவறீங்கன்னு கேட்டேன். பையிலருந்து ட்யூபை எடுத்துக் காட்டுனாங்க. தோள்லருந்து மணிக்கட்டு வரைக்கும் தடவிட்டு பஸ் ஏறி வர்றாங்க. அதைத்தான் இது நக்குது. சாவி குடுக்கறது நஞ்சம்மா. நீங்க ஒண்ணும் கேக்காம இருக்கணும்னுதான் அந்தம்மா பேயிக் கதை கட்டியிருக்காங்க. வர்றது உங்க பொண்ணுங்கண்ணா. வினிதா.

பொன்னுசாமி: அவளுக்கு என்ன நோயி?

சுசித்ரா: நோயில்ல. கொழந்தைக்குப் பாத்துட்டு இருக்காங்க, பெங்களூர்ல. கரு வந்து தங்கறதுக்கு முன்னாடி கர்ப்பப்பையைத் தயார் பண்ணணும், அதுக்குத்தான் அந்த ஜெல். ஊசியும் போட்டுக்கறாங்க.

பொன்னுசாமி: நிச்சயமாங்களா? கட்டி கிட்டி ஒண்ணும்...

சுசித்ரா: ஒண்ணுமில்ல. நானே விசாரிச்சேன். முழுக்கை சட்டை போட்டுக்கிட்டு, கையைக் கழுவிட்டுத்தான் புஜ்ஜியைத் தொடணும்னு சொல்லி அனுப்பியிருக்கேன்.

பொன்னுசாமி: கொழந்தைக்கு...

சுசித்ரா: ஆமாங்கண்ணா. உக்காருங்க. தண்ணி குடிங்க.

பொன்னுசாமி: சரிங்க... சரி.

சுசித்ரா: வினிதான்னு சொன்னப்ப நீங்க ஆச்சரியமே படல. அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சும் எதுக்கு எங்கிட்ட பேயின்னு சொன்னீங்க? நேரா அவங்களையே கேட்டிருக்கலாமே.

பொன்னுசாமி: குப்பைக் கூடையில ஊசி போட்டுத் தொடச்ச பஞ்சு கெடந்துச்சும்மா, ரத்தத்தோட. அவங்கம்மாவுக்கும் இப்படி ஊசியிலதான் ஆரம்பிச்சுது. அன்னிக்கு அதைக் கேக்கத்தான் கதவு வரைக்கும் போனேன்... நான் கேட்டா, அவ வர்றது எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிரும். அப்புறம் வரமாட்டா. அவளுக்கு என்னன்னு இப்படியாவது தெரியட்டும்னுதான் நாயைத் தூக்கிட்டு வந்தேன்.