நீலம் விழுந்திருந்தது

எந்த பிரௌசர் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் ஒன்றைத்தான் சொல்வேன். எது வேகமாகத் திறக்கிறது என்று பார்க்காதீர்கள். எது உங்களைப் பற்றிக் குறைவாக ஞாபகம் வைத்திருக்கிறது என்று பாருங்கள். ஃபோனோடு சேர்ந்து வந்ததை அப்படியே பாவிப்பவர்கள்தான் எங்கள் ஊர் கல்லடியில் அநேகம் பேர். நான் அப்படி அல்ல. என் மடிக்கணினியில் விளம்பரம் வராது. பின்னால் வந்து வேவு பார்க்கும் எதையும் உள்ளே விடமாட்டேன். கமராவுக்கு மேல் ஒரு துண்டு டேப் ஒட்டியிருக்கும். பாடசாலையில் ஆசிரியர் அறையில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "சேர்ட முகத்தப் பாக்காம அமெரிக்காக்காரனுக்குச் சோறு இறங்குதில்லையாம்" என்று சங்கீத ரீச்சர் சொல்லுவா. நானும் சேர்ந்து சிரிப்பேன். ஆனால் என் கருத்து மாறாது. ஒரு மனிதர் தனியே இருந்து எதைத் தேடுகிறாரோ அதுதான் அவருடைய மனம். அவருடைய அனுமதி இல்லாமல் அதைப் பார்க்க எவருக்கும் உரிமை இல்லை.

என் மனைவி யசோதினி இறந்து இரண்டு வருடமாகப் போகிறது. குடலில் புற்றுநோய். பிந்திக் கண்டுபிடித்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஏன் பிந்தியது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படுவது. நான் சித்தாண்டியிலிருந்து ஒரு சூட்கேசோடு வந்தவன். வாவியைப் பார்த்த வீடு, கிணறு, மாமரம், நான் உடுப்பு வைத்த அலுமாரி எல்லாமே யசோதினியுடையவை. அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் ஒருநாள் சண்டை பிடித்து முடித்திருப்பேன். அந்த வீட்டில் என் பேரில் இருந்தது இணைய இணைப்பு மட்டும்தான்.

மகள் பல்கலைக்கழகத்துக்கான ஏ.எல். படிக்கத் தொடங்கியபோது காத்தான்குடியில் றிஷாட்டின் கடையில் நல்ல ரூட்டர் ஒன்று வாங்கினேன். எந்த ஃபோன் எந்தத் தளத்துக்குப் போகிறது என்று அது காட்டும். வேண்டாத தளத்தை மறிக்கவும் செய்யும்.

"புள்ளைக்கா சேர், பொஞ்சாதிக்கா?" என்று கேட்டான் றிஷாட்.

"பிள்ளைக்கு."

"எல்லாரும் புள்ளைக்கெண்டுதான் வாங்கிற. மறுகா புள்ளைட ஃபோன மட்டும் ஒருத்தரும் பாக்கிறல்ல" என்று சொல்லிக்கொண்டே பெட்டியைக் கட்டித் தந்தான். வாயாடி. நான் உண்மையிலேயே மகளுக்காகத்தான் வாங்கினேன்.

ரூட்டர் வாசலைத்தான் காட்டும். ஒருவர் எந்தத் தளத்துக்குள் போனார் என்று தெரியும். அங்கே போய் எதை வாசித்தார் என்று தெரியாது. பிரைவேட் விண்டோவில் போனாலும் அப்படித்தான். பிறகு ஃபோனை எடுத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, ரூட்டருக்குத் தெரியும். இதைப் பலர் அறியமாட்டார்கள். யசோதினியும் அறியமாட்டாள். அவளுக்கு பிரைவேட் விண்டோ திறக்கப் பழக்கியது நான்தான். மகள் அடிக்கடி தாயின் ஃபோனை எடுப்பதால், பிள்ளை பார்க்கக் கூடாத எதையாவது தேடினால் இதில் தேடு என்று சொல்லியிருந்தேன்.

ஒரு கட்டத்தில் யசோதினியின் ஃபோன் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் தளத்துக்குப் போகத் தொடங்கியது. நான் ரியூசனில் நிற்கும் பின்னேரங்களில் மட்டும். நானும் அந்தத் தளத்துக்குப் போய்ப் பார்த்தேன். வைத்தியர்களின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்குள் சத்திரசிகிச்சை நிபுணர் பிரதீஸ் இருந்தான்.

பிரதீஸ் அவளோடு ஒரே ரியூசனில் உயிரியல் படித்தவன். அவனுக்கு மருத்துவபீடம் கிடைத்தது. அவள் அதைச் சொற்பப் புள்ளியில் தவறவிட்டு, கடைசியில் முன்பள்ளி ரீச்சர் ஆனாள். கலியாண வீடுகளில் கண்டால் "யசோ" என்று கூப்பிடுவான். நான் அவளை முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். பெயரைச் சுருக்குவதற்கும் ஓர் உரிமை வேண்டும் என்பது என் எண்ணம். அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்தலையில் முடி கொட்டியிருந்தது. அது எனக்குப் போதுமாக இருக்கவில்லை. ஆஸ்பத்திரியின் தளத்தை மறித்தேன்.

அடுத்த நாள் இறால் உரித்துக்கொண்டிருந்தவள் கையைக் கழுவிவிட்டு ஃபோனோடு வந்தாள்.

"இஞ்ச, இந்த ஆஸ்பத்திரிட பக்கம் திறக்குதில்ல. கம்பியூட்டர் சேர முடிச்சும் நெட் வேல செய்யாட்டி என்ன பிரயோசனம், சொல்லுங்க?"

"ஆருக்கு ஆஸ்பத்திரி?"

"நிரோசினிக்கு. வயிறு சரியில்லயாம். நம்பர் எடுத்துக் குடுக்கணும்."

நிரோசினி அவளுடைய தங்கை. பாலத்துக்கு அங்கால் பக்கம் இருக்கிறாள். அன்று காலைதான் அவளைச் சந்தையில் கண்டேன். ஒரு வத்தகப்பழத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைக்காரனோடு வாதாடிக்கொண்டு நின்றாள். அவளுடைய வயிற்றில் ஒரு குறையும் இருக்கவில்லை. யசோதினிக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் கை தானாகக் கழுத்துச் சங்கிலிக்குப் போய்விடும். அப்போதும் போயிருந்தது.

"தா, பாப்பம்" என்றேன்.

ஃபோனை அவளே என் கையில் தந்தாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். நான் பறிக்கவில்லை, களவாக எடுக்கவில்லை. அதற்குப் பூட்டுக்கூட இருக்கவில்லை. அவள் திரும்ப இறாலுக்குப் போய்விட்டாள். தேடியவற்றைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை, எல்லாம் பிரைவேட் விண்டோ. என் மடிக்கணினியில் வாட்ஸ்அப் பக்கத்தைத் திறந்து, வந்த குறியீட்டுக்கு நேரே அவளுடைய ஃபோனைப் பிடித்தேன். அவளுக்கு வருவது எல்லாம் அந்த நிமிடத்திலிருந்து என் பிரௌசரிலும் வரும். அவ்வளவு சுலபம். கடவுச்சொல்லை நாய்ப் பெயரில் வைக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறோம். இதை ஒருவரும் யோசிப்பதில்லை.

"அவங்கட சேர்வர் பிழை போல. நாளைக்கு வரும்" என்று ஃபோனைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நல்ல காலம், நீங்க இரிக்கிறதால நான் ஒண்டுக்கும் வெளியில ஆரையும் கெஞ்சத் தேவையில்ல" என்றாள்.

முன்பள்ளிப் பெற்றோரோடும் தங்கையோடும் அவள் கதைத்தவற்றை நான் வாசிக்கவில்லை. மற்றவர்களின் அந்தரங்கம் எனக்குத் தேவையில்லை. பிரதீஸின் பெயர் வருகிறதா என்று மட்டும் பார்த்தேன். சில நாட்களில் வந்தது. யாரிடமோ நம்பர் வாங்கி அவளே எழுதியிருந்தாள். பாடசாலைக் கணினி அறையில், பாடம் இல்லாத நேரத்தில் வாசித்தேன்.

மலத்தோடு இரத்தம் போகிறது, சில மாதங்களாக. உடம்பு மெலிகிறது. அம்மாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. மகளுக்கு ஏ.எல். சோதினை வருகிறது, அது முடியும்வரை பொறுக்கலாமா? இவ்வளவுதான் கேட்டிருந்தாள். கடைசியில் ஒரு வரி: "அவருக்கு இன்னும் சொல்லல்ல. பயந்திருவார்."

சந்தேகம் அந்த இடத்திலேயே தீர்ந்தது. அவளிடத்தில் ஒரு பிழையும் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்கிறேன். ஒரு கணம் ஆறுதலாகக்கூட இருந்தது. நோய்தான், வேறொன்றுமில்லை. ஆனால் திரும்ப வாசித்தபோது வேறொன்று தெரிந்தது. இத்தனை வருடம் என் பக்கத்தில் படுத்து எழும்பியவள், தன் உடம்பிலிருந்து போகும் இரத்தத்தை முதலில் அவனுக்குச் சொல்லியிருக்கிறாள். காதல் கடிதம் என்றால் பலரும் எழுதுகிறார்கள். மலத்தைப் பற்றியும் இரத்தத்தைப் பற்றியும் ஒரு பெண் யாருக்கு எழுதுவாள்? என்னை அவள் பயந்தவர்களின் பக்கத்தில் வைத்திருந்தாள், மகளோடு சேர்த்து.

அடுத்த நாள் காலையில் அவனுடைய பதில் குரலாக வந்தது. காதில் மாட்டிக் கேட்டேன்.

"யசோ, பிரதீஸ் கதைக்கிறன். எழுதினதப் பாத்தன் கா. பயப்பிடாத, ஆனா இத இழுக்கக் கூடாது. சோதின முடியட்டும் எண்டு நிக்காத, சொல்லிட்டன். வியாழக்கிழமை பின்னேரம் வா. புக் பண்ணத் தேவையில்ல, நான் சொல்லி வைக்கிறன். மனுசனையும் கூட்டிட்டு வா. நல்ல மனுசன் எண்டு கேள்விப்பட்டன்."

நல்ல குரல். வைத்தியர்களுக்கு இருக்கும் குரல். இரண்டாம் தரம் நான் கேட்கவில்லை. தனக்கு வந்ததைத் தன் பக்கத்தில் மட்டும் நீக்குவதற்கு ஒரு வழி இருக்கிறது. அப்படி நீக்கினேன்; அவளுடைய ஃபோனிலும் இனி அது இருக்காது. அவளுடைய ஃபோன் அந்நேரம் முன்பள்ளியில், கைப்பைக்குள், இணையம் இல்லாமல் கிடந்தது. வீட்டு வைஃபை தவிர அவளுக்கு வேறு இணையம் இல்லை. பின்னேரம் வீட்டுக்கு வந்து வாட்ஸ்அப்பைத் திறந்தபோது அவள் எழுதியது மட்டும் இருந்தது. அதற்குக் கீழே, வாசித்தாயிற்று என்று இரண்டு நீலக் கோடுகள்.

அவனுடைய பக்கத்திலும் நீலம்தான். நான் அவளுடைய கணக்கிலிருந்து கேட்டதால், அவள் கேட்டுவிட்டாள் என்று அவனுக்குக் காட்டியிருக்கும். இதை நான் திட்டமிடவில்லை, பிறகுதான் விளங்கியது. அவன் வாசித்தும் பதில் போடவில்லை என்று அவள் நினைத்தாள். அவள் கேட்டும் வரவில்லை என்று அவன் நினைத்தான். இருவருக்கும் ரோசம் இருந்தது. அவனுடைய நம்பரை மறிக்க வேண்டிய தேவையே வரவில்லை.

தங்கையோடு அவள் ஃபோனில் கதைத்தது எனக்குக் கேட்டது. "பெரிய ஆக்கள் ஆனா பழைய ஆக்களக் கண்ணுக்குத் தெரியாதுகா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று நிரோசினிக்கு விளங்கவில்லை. நான் அன்றைக்கே ஆஸ்பத்திரியின் தளத்தைத் திறந்துவிட்டேன். நான் கொடுமைக்காரன் அல்ல. அவள்தான் அதற்குப் பிறகு அங்கே போகவில்லை. பதில் வராததால், அவ்வளவு அவசரமில்லைப் போல என்றும் நினைத்திருப்பாள்.

நான் காத்திருந்தேன். அவள் என்னிடம் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். நானாகக் கேட்டால் அது அவள் சொன்னதாகாது, நான் பிடுங்கியதாகிவிடும். சந்தர்ப்பம் கொடுத்தேன். சோறு பரிமாறும்போது, "ஏதும் சொல்லணுமா?" என்று கேட்பேன்.

"ஓம். பால்மா முடிஞ்சி" என்பாள்.

சட்டைகள் அவளுக்குப் பெரிதாகிக்கொண்டு வந்தன. ஊசி நூலை எடுத்து இடுப்பில் பிடித்துத் தைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். "டயற்றிங்கா அம்மா?" என்று மகள் பகிடி பண்ணினாள். "நீ சோதினையில ஏ எடு, நான் மறுகா சாப்பிடுறன்" என்றாள். நான் வாயைத் திறந்திருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாள். அதற்கும் நான் பதில் யோசித்துப் பார்த்தேன். நல்ல பதில் ஒன்றும் இருக்கவில்லை.

சோதினையின் கடைசித் தாள் முடிந்த அன்று பின்னேரம், குசினிப் படியில் இருந்துகொண்டு சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். நான் முதல் தரம் கேட்பதுபோலக் கேட்டேன். அழுதேன், அது நடிப்பு அல்ல. என் தோளில் சாய்ந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அவ்வளவு சந்தோசமாக இருந்ததில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"ஒருத்தருக்கும் சொல்லல்ல" என்றாள். "ஒங்களுக்குத்தான் முதல்ல சொல்றன்."

அவளுடைய கை கழுத்துச் சங்கிலியில் இருந்தது.

கொழும்புக்குக் கொண்டு போனோம். வெட்டிப் பார்த்துவிட்டு, ஈரலுக்கும் போய்விட்டது என்றார்கள். சில மாதம் முந்தி வந்திருந்தால் என்று அங்கேயிருந்த வைத்தியர் தொடங்கினார், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் அவளைக் குளிப்பாட்டினேன், துடைத்தேன், வாளி எடுத்தேன். ஒரு தாதிகூட என்னளவு செய்திருக்கமாட்டாள். மகளின் முடிவுகள் வரமுன் யசோதினி போய்விட்டாள்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று பிரதீஸ் வந்தான். பந்தலுக்கு வெளியே, வாவிப் பக்கம் என்னைத் தனியே கூப்பிட்டான்.

"அண்ணன், கேக்கக் கூடாது. ஆனா மனசு கேக்குதில்ல. நான் அவக்கு வொயிஸ் போட்டனான். உடன வா எண்டு சொன்னனான். அவ கேட்டுமிரிக்கா, நீலம் விழுந்திருந்தது. ஏன் வரல்ல?"

கண் சிவந்திருந்தது. இவன் யார் அழுவதற்கு என்று எனக்குத் தோன்றியது.

"அவ அப்பிடித்தான்" என்றேன். "சரியான பிடிவாதம்."

தலையை ஆட்டிக்கொண்டு போனான். இப்போதும் அவன் அப்படித்தான் நம்புகிறான்.

வீடு இப்போது மகளின் பேரில். அவள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள், நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். போன கிழமை நிரோசினியின் கணவன் உதயரூபன் வந்தான். வெகுநேரம் ரூட்டரைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் விசயத்துக்கு வந்தான்.

"அண்ணன், அவ எந்நேரமும் ஃபோனோடதான். ஆரோட கதைக்கிறா எண்டு பாக்க ஏதும் வழி இரிக்கா?"

"தம்பி, அது பெரிய பிழை" என்றேன். "மனுசியெண்டாலும் அவட ஃபோன் அவட. சந்தேகமெண்டா வாயால கேக்கணும். ஒளிச்சுப் பாக்கப்படாது."

வெட்கப்பட்டுப் போனான். வீட்டில் போய்ச் சொல்லியும் இருக்கிறான், நல்ல பொடியன். ஞாயிற்றுக்கிழமை நிரோசினி எனக்கு நண்டுக் கறியோடு வந்தாள். அக்காவின் நடை, அக்காவின் சிரிப்பு.

"அத்தான், அவருக்கு நல்லாப் பேச்சுக் குடுத்தீங்களாம். ஒங்களப் போல நாலு பேர் இரிக்கணும் ஊருக்க" என்றாள். பிறகு தன் ஃபோனை மேசையில் வைத்தாள். "இதையும் ஒருக்காப் பாருங்க, ஆமை மாதிரி ஊருது. கடையில குடுக்கப் பயம். ஒங்கட கையில எண்டா பயமில்ல."

கறியைச் சட்டிக்கு மாற்ற அவள் குசினிக்குப் போனாள். நான் மடிக்கணினியைத் திறந்து, குறியீட்டுக்கு நேரே அந்த ஃபோனைப் பிடித்தேன். தாய்க்கு வந்த நோய், அக்காவுக்கு வந்த நோய். அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் கவனமாக இருக்கத்தான் வேண்டும். நிரோசினிக்கு ஏதும் நடந்தால், இந்த முறை முதலில் தெரிவது எனக்குத்தான்.